கோடைக்கு இரண்டு டம்ளர்

ஜின் கலக்குகிறவர்கள் பொதுவாக ஜின்னைத்தான் முதலில் ஊற்றுவார்கள். அதன்மேல் ஐஸ், அப்புறம் சோடா, அழகுக்கு ஒரு எலுமிச்சைத் துண்டு. ஜின்னைக் கடைசியில் ஊற்றிய ஒரே ஒருவரைத்தான் நான் பார்த்திருக்கிறேன். துடியலூரில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் எனக்கு எதிர்வீட்டில் இருந்தார். அறுபதை எட்டிப் பிடிக்கிற வயது. கஞ்சி போட்ட பருத்திச் சேலை, நெற்றியில் திருநீறு, கையில் எந்நேரமும் ஏதாவது ஒரு காயோ பழமோ. முதல் நாள் ஆன்ட்டி என்று கூப்பிட்டேன். "ஆன்ட்டின்னா வேற ஆரையோ கூப்படற மாதர இருக்குது. அக்கான்னு சொல்லு அம்மணி" என்றார். அன்றிலிருந்து எனக்கு அவர் அக்காதான்.

எலுமிச்சை பிழிவார். புதினாவை உள்ளங்கையில் வைத்து ஒரு தட்டுத் தட்டிப் போடுவார். நன்னாரி சர்பத் ஒரு கரண்டி விடுவார், கொஞ்சம் இந்துப்பு, ஒரு கீற்று வெள்ளரிக்காய். ஜின் பாட்டில் மட்டும் மூடி திறக்காமல் ஓரமாக நிற்கும். எதிர் நாற்காலியில் ஆள் வந்து உட்கார்ந்தால்தான் அந்த மூடியைத் திருகுவார். ஆள் வரவில்லையென்றால் பாட்டில் அப்படியே அலமாரிக்குள் போய்விடும். கலக்கி வைத்தது வெறும் சர்பத்தாகவே அவர் வயிற்றுக்குள் போகும். ஏன் இப்படி என்று கேட்டேன். "தனியாக் குடிச்சா அது மருந்து கண்ணு. மருந்துதான் எனக்கு ஒரு டப்பா நெறையா இருக்குதே" என்றார். பிரஷருக்கு, சர்க்கரைக்கு, முழங்காலுக்கு என்று டப்பாவில் அறை அறையாக மாத்திரை இருந்தது உண்மைதான்.

நான் அங்கே குடிபோனது ஒரு மார்ச் மாதக் கடைசியில். சொந்த ஊர் கருமத்தம்பட்டி. வீட்டை ஒட்டித் தறிக்கூடம். பேசுவதென்றால் கத்தித்தான் பேச வேண்டும். கல்யாணம் செய்து, அது சரிப்படாமல் திரும்பி வந்ததும், அந்தத் தறிச் சத்தத்தையும் மீறி என்னைப் பற்றி ஊரில் பேசுவது என் காதில் விழுந்தது. பம்ப்செட் கம்பெனி ஒன்றில் ஏற்றுமதிப் பிரிவில் வேலை இருந்ததால் தனியாக வீடு எடுத்துக்கொண்டேன். முதல் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், புது வீட்டில் பெட்டிகளுக்கு நடுவே உட்கார்ந்திருந்தபோது ஒன்று புரிந்தது. அமைதி வேண்டும் வேண்டும் என்று கேட்டு வாங்கி வந்திருக்கிறேன், அதை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை.

அன்றைக்கு மணியடித்தது அக்காதான். கையில் ஒரு கிண்ணம். "ஏனுங்க, உங்க ஊட்ல ஐஸ் இருக்குங்களா?" என்று கேட்டார். இருந்ததைத் தட்டிக் கொடுத்தேன். கிண்ணத்தை வாங்கிக்கொண்டும் போகாமல் நின்றார். சாயங்காலம் சும்மாதான் இருப்பீர்களா என்று விசாரித்தார். பிறகு, ஜாதகம் கேட்க வந்தவர் போலத் தயங்கித் தயங்கி, ஒரு ஜூஸ் போடப் போவதாகவும், அதில் சித்தெ, கொஞ்சம் போல, ஜின் இருக்கும் என்றும், வேண்டாமென்றால் வேண்டாம், தப்பாக மட்டும் நினைத்துக்கொள்ளக் கூடாது என்றும் சொன்னார். எனக்குச் சிரிப்பு வந்தது. திருநீறு பூசின ஒருவர் வாயிலிருந்து அந்த வார்த்தையை நான் எதிர்பார்க்கவில்லை. மூன்று நாளாக யாரோடும் பேசாமல் இருந்திருந்தேன். அவர் விஷத்தையே கலக்கப் போகிறேன் என்று சொல்லியிருந்தாலும் போய் உட்கார்ந்திருப்பேன்.

அவரிடம் குலுக்குகிற பாத்திரமெல்லாம் கிடையாது. காட்டுக்குச் சோறு கொண்டுபோகிற தூக்குப்போசி ஒன்று வைத்திருந்தார். அதில் எல்லாவற்றையும் போட்டு, மூடியை அழுத்தி, இரண்டு கையாலும் பிடித்து ஆட்டுவார். வளையலும் ஐஸும் சேர்ந்து சத்தம் போடும். டீ வடிகட்டியில் வடிப்பார். ஜின்னை அளக்க மகளுக்குப் பால் புகட்டிய வெள்ளிப் பாலாடை. தலைக்கு இரண்டு பாலாடை, அதற்குமேல் ஒரு சொட்டுக் கிடையாது. எனக்கு இன்னும் கொஞ்சம் ஊற்றச் சொல்லிக் கேட்டால், பசியாறின குழந்தையைப் பார்ப்பதுபோல என்னைப் பார்த்துவிட்டு மூடியைத் திருகி மூடிவிடுவார்.

கோடை முழுக்க ஒரே சரக்கு ஓடாது. பங்குனியில் வெள்ளரியும் புதினாவும். சித்திரை பிறந்ததும் நுங்கு. மேட்டுப்பாளையம் ரோட்டில் தள்ளுவண்டிக்காரரிடம் பேரம் பேசி வாங்கி, தோல் உரித்து, கத்தியால் பொடியாக அரிந்து போடுவார். மாங்காய்க்குப் பச்சை மிளகாய் கீறிப் போட்டு, அரை மணி நேரம் ஊறவிட்டு, மிளகாயை எடுத்துவிடுவார். தர்ப்பூசணியை ஒருமுறைதான் போட்டார். "இது ஜின்னு பேச்சக் கேக்க மாட்டீங்குது" என்று அதைத் தள்ளிவைத்துவிட்டார். கடையில் விற்கிற டானிக் வாட்டர் அவருக்கு ஆகாது. பேரிலேயே டானிக் இருக்கிறதே, அதை எதற்குக் குடிக்க வேண்டும் என்பார். பன்னீர் சோடாதான் ஊற்றுவார். ஜின்னுக்கு என்ன வாசம் என்று நான் சொல்லத் தெரியாமல் விழித்தபோது, ஊட்டி மலை ஏறும்போது பாதி வழியில் கார் கண்ணாடியை இறக்கினால் வருமே, அந்த வாசம் என்றார். அதற்குப் பிறகு எனக்கும் அப்படித்தான் வாசம் அடித்தது.

கூப்பிடுவதும் ஒரு தினுசுதான். போன் பேச மாட்டார். ஞாயிற்றுக்கிழமை நாலு மணி வாக்கில் என் வாட்ஸ்அப்பில் ஒரு படம் வரும். அரிந்த எலுமிச்சை, அல்லது தட்டில் நுங்கு, அல்லது ஒரே ஒரு மாங்காய். எழுத்து ஒன்றும் இருக்காது. நான் முகம் கழுவிக்கொண்டு கிளம்பிவிடுவேன். அவர் வீட்டுப் பால்கனியில் இரண்டு பிரம்பு நாற்காலிகள் போடத்தான் இடம். எதிரே மலை வரிசை தெரியும். உட்கார்ந்து என்ன பேசினோம் என்று கேட்டால் சொல்வதற்கு உருப்படியாக ஒன்றும் இல்லை. காய்கறி விலை, என் மேலதிகாரியின் அல்பத்தனம், கீழ்வீட்டு நாய். என் கல்யாணம் என்ன ஆயிற்று என்று அவர் ஒருநாளும் கேட்கவில்லை. எனக்கு அது எவ்வளவு பெரிய உபகாரமாக இருந்தது என்று அவருக்குத் தெரிந்திருக்கும்.

அவர் கதையைக் குடியிருப்பில் எல்லோரும் சொல்லக் கேட்டிருந்தேன். தொண்டாமுத்தூர்ப் பக்கம் தென்னந்தோப்பும் பாக்கும் உள்ள குடும்பம். கணவர் தினமும் குடிப்பவர். அக்கா பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, அறுபது வயதுக்குக் கொஞ்சம் முன்னால், ஒரு பெட்டியோடு இந்த வீட்டுக்கு வந்துவிட்டார். வீடு மகள் வாங்கிப் போட்டிருந்தது. குடிகாரப் புருஷனைத் துணிந்து விட்டுவிட்டு வந்த பெண்மணி என்று அவருக்கு எங்கள் குடியிருப்பில் ஒரு தனி மரியாதை. நான் குடிவந்த மறுவருஷம் மகளிர் தினத்துக்கு அவரை மேடையேற்றி, குடியால் குடும்பங்கள் கெடுவது பற்றி நாலு வார்த்தை பேசச் சொன்னார்கள். பேசினார். சால்வை போட்டார்கள். அன்று சாயங்காலம் எனக்கு ஒரு எலுமிச்சம்பழத்தின் படம் வந்தது. போனபோது சால்வையை மடித்துக்கொண்டிருந்தார். "பேசிப்போட்டு வந்துட்டேன். கூச்சமா போச்சு. சித்தெ உக்காரு" என்றார். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அவரும் சிரித்தார், ஆனால் சீக்கிரமே நிறுத்திவிட்டார்.

வெளிநாட்டில் இருக்கிற மகள் வீடியோ காலில் வந்தால் டம்ளர் கறிவேப்பிலைத் தொட்டிக்குப் பின்னால் போய்விடும். மகளுக்கு அப்பாவின் பாட்டில்மேல் அவ்வளவு கோபம். அம்மாவைப் பற்றி அங்கே தோழிகளிடம் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருக்கிறாளாம். ஒருமுறை போனை வைத்ததும் நானே கேட்டுவிட்டேன். குடி பிடிக்காமல் வந்தவர் எதற்காக அக்கா இதைக் குடிக்கிறீர்கள் என்று. அவர் என்னைப் பார்த்தார், மலையைப் பார்த்தார், பிறகு வெள்ளரிக்காயையும் கத்தியையும் என் பக்கம் தள்ளிவிட்டு அதை நறுக்கச் சொன்னார். நறுக்கினேன். எங்கள் பக்கத்து மரியாதைக்கு ஒரு குணம் உண்டு. எதிராளி சொல்ல விரும்பாததை இரண்டாம் முறை கேட்க மாட்டோம். இந்த மரியாதையாலேயே பாதிப் பேர் கடைசிவரை ஒருவரையொருவர் தெரிந்துகொள்ளாமலே போய்ச் சேர்ந்துவிடுகிறோம் என்று எனக்குத் தோன்றும்.

அக்காவுக்கு ஜின் பழக்கமானது அந்த மகள் வீட்டில்தான். பேரன் பால்குடி மறக்கிற சமயத்தில், தோப்பை விட்டு வருவதற்கு முன்னால், வெளிநாடு போய் ஆறு மாதம் இருந்திருக்கிறார். மகளும் மருமகனும் வேலைக்குப் போய்விடுவார்கள். பக்கத்து வீட்டில் ஒரு வெள்ளைக்காரக் கிழவி தனியாக இருந்திருக்கிறாள். வேலிக்கு மேலே கையசைத்துக் கூப்பிட்டிருக்கிறாள். அவளுக்கு இங்கிலீஷ் தவிர ஒன்றும் வராது, இவருக்கு இங்கிலீஷ் வராது. அவள் தோட்டத்து நாற்காலியில் உட்காரவைத்து, எலுமிச்சை போட்டு ஒரு கண்ணாடி டம்ளரை நீட்டியிருக்கிறாள். வாங்கி வாயில் வைத்த பிறகுதான் விஷயம் தெரிந்ததாம். துப்பினால் மரியாதையில்லை என்று விழுங்கிவிட்டார். "அந்தம்மா சொன்னது எனக்குப் புரியல. நாஞ் சொன்னது அந்தம்மாளுக்குப் புரியல. ஆனா நொம்பப் பேசுனோம் கண்ணு" என்றார். இதை அவர் என்னிடம் சொன்னது ஒரு தடவை இல்லை, பல தடவை. ஒவ்வொரு தடவையும் முதல் தடவை சொல்வதுபோலவே சொல்லுவார்.

பாட்டில் வாங்குவதுதான் பெரும்பாடு. மகளிடம் கொண்டுவரச் சொல்ல முடியாது. மால் ஒன்றின் கீழ்த்தளத்தில் சர்க்கார் கடை, ஏசி போட்டது, உள்ளே போய் நாமே எடுத்துக்கொள்ளலாம் என்று நான் விசாரித்துச் சொன்னேன். அக்கா பட்டுச்சேலை கட்டிக்கொண்டு, நகைக்கடைப் பையோடு வந்தார். ஏன் பட்டுச்சேலை என்று கேட்டதற்கு, போகிற இடத்துக்குத் தக்க உடுத்த வேண்டாமா என்றார். பில் போடுகிற இடத்தில் பத்துப் பன்னிரண்டு ஆண்கள் வரிசையாக நின்றார்கள். எங்களைப் பார்த்ததும் ஒருவர் விடாமல் ஒதுங்கி, நீங்க முன்னால வாங்கிக்குங்கம்மா, நீங்க போங்கம்மா என்று வழிவிட்டார்கள். கோயிலில்கூட எனக்கு அவ்வளவு மரியாதை கிடைத்ததில்லை. பில் போட்டவர் பாட்டிலையும் அக்காவையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, யாருக்குங்கம்மா என்று கேட்டார். "எனக்குத்தானுங்க" என்றார் அக்கா.

அந்த வரிசையின் கடைசியில் ஒருவர் சட்டென்று திரும்பிச் சுவரைப் பார்த்து நின்றுகொண்டார். அக்காவின் பங்காளி வகையாம், தோப்புக்கு இரண்டு தோப்பு தள்ளி இருப்பவர். வெளியே வந்ததும் நான் பதறினேன், இனி ஊரெல்லாம் தெரிந்துவிடுமே என்று. அக்கா அலட்டிக்கொள்ளவே இல்லை. "அவரு என்னயப் பாக்கல. நான் அவரப் பாக்கல" என்று சொல்லிவிட்டு ஆட்டோவில் ஏறினார். அப்படியே ஆயிற்று. அடுத்த மாதம் ஒரு வளைகாப்பில் இருவரும் எதிரெதிரே நின்று, நல்லாருக்கீங்களா, நல்லாருக்கேனுங்க என்று நெடுநேரம் நலம் விசாரித்துக்கொண்டதை நானே என் கண்ணால் பார்த்தேன்.

ஒரு வெள்ளிக்கிழமை அவருக்கு மகளோடு மனஸ்தாபம். போனில் ஏதோ வார்த்தை தடித்துவிட்டது. வழக்கமில்லாமல் அன்று மாலையே நுங்குப் படம் வந்தது. வந்துவிடுகிறேன் என்று பதில் போட்டேன். கவுண்டம்பாளையம் பாலத்தில் லாரி ஒன்று பழுதாகி நின்றுவிட, பஸ் நகரவே இல்லை. போனில் சார்ஜும் போய்விட்டது. நான் வந்து சேர்ந்தபோது இருட்டிவிட்டது. கதவு ஒருக்களித்திருந்தது. உள்ளே விளக்குப் போடாமல் பால்கனியில் உட்கார்ந்திருந்தார். இரண்டு டம்ளர்களிலும் ஐஸ் கரைந்து, நுங்கு அடியில் தங்கியிருந்தது. பாட்டில் மூடியோடு நின்றது. வழக்கமாகச் செய்வதுபோல அந்தச் சர்பத்தையாவது குடித்திருக்கலாம். அதையும் தொட்டிருக்கவில்லை. நான் வருவேன் என்று சொல்லியிருந்தேன் அல்லவா.

ஒருவர் எனக்காக இப்படிக் காத்திருந்து எத்தனையோ காலமாகியிருந்தது. உட்கார்ந்தேன். பாட்டிலைத் திறந்து, பாலாடையில் அளந்து, கரைந்துபோன தண்ணீரிலேயே ஊற்றினார். சப்பென்று இருந்தது. நன்றாக இருக்கிறது அக்கா என்றேன். நன்றாக இல்லை என்று அவருக்கும் தெரியும். இருவரும் கடைசிச் சொட்டுவரை குடித்தோம்.

அவர் கணவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். தோட்டத்துக்காரர் என்றுதான் அக்கா அவரைச் சொல்வார். மாதம் ஒருமுறை தோப்பிலிருந்து டெம்போவில் காய் ஏற்றிவரும்போது அதே வண்டியில் வருவார். வெள்ளை வேட்டி, மடித்துவிட்ட சட்டைக் கை, செருப்பைக் கதவுக்கு ரொம்பத் தள்ளியே கழற்றிவிடுவார். ஒரு சாக்குத் தேங்காய், ஒரு தார் கதலி, கோடையென்றால் இளநீர்க் குலை. எல்லாவற்றையும் வாசலுக்கு வெளியே வைத்துவிட்டு, "ஏனுங்க, காய் வெச்சிருக்கறனுங்க" என்பார். அக்கா உள்ளேயிருந்து சரிங்க என்பார். காபி சாப்பிடுறீங்களா என்று கேட்பார். அவர் இருக்கட்டுங்க என்பார். அவ்வளவுதான், வண்டி போய்விடும். முன்பெல்லாம் அவர் அக்காவை ஏம்புள்ள என்றுதான் கூப்பிடுவாராம். பிரிந்து வந்த பிறகுதான் இந்த ஏனுங்க. தன்னை வேற்றாளாக்கிவிட்டார் என்று அக்கா ஒருமுறை சொன்னார், சொல்லிக்கொண்டே அவர் வைத்துப்போன இளநீரைச் சீவினார். அந்த வழுக்கையும் தண்ணீரும் எலுமிச்சையும் ஜின்னும் சேர்ந்தது போல ருசியாக அந்தக் கோடையில் நான் வேறெதையும் குடிக்கவில்லை.

நான் குடிவந்த மறுவருஷம் சித்திரை. வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்தது. ஞாயிற்றுக்கிழமை. நான் பிரம்பு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன், அக்கா மூடியைத் திருகிவிட்டார், எனக்கு ஊற்றியாயிற்று, தனக்கு ஊற்றப் பாலாடையைச் சாய்க்கிறார், மணி அடித்தது. நான்தான் போய்க் கதவைத் திறந்தேன். தோட்டத்துக்காரர். டெம்போ வரும் நாள் அல்ல. கையில் காயும் இல்லை, பழமும் இல்லை. பஸ்ஸில் வந்திருக்கிறார். சட்டை வியர்வையில் ஒட்டியிருந்தது.

அக்கா எழுந்து ஹாலுக்கு வந்தார். அவர் வாசலுக்கு வெளியே நின்றபடியே, எங்கேயோ சொல்லிப் பழகி வந்தவர்போல ஒரே மூச்சில் சொன்னார். "நான் விட்டுப்போட்டனுங்க. போன சித்திரையோட விட்டுப்போட்டேன். ஒரு வருசம் முழுசாத் தாண்டட்டும், பொறவு சொல்லிக்கலாம்னு இருந்தனுங்க."

அவர் காத்துக்கொண்டிருந்தார். அறுபத்தைந்து வயது மனிதர், பரீட்சையில் தேறிவிட்டதைச் சொல்ல வந்த பையனைப் போல முகத்தை வைத்துக்கொண்டு நின்றார். எனக்கு அந்த முகத்தைப் பார்க்க முடியவில்லை. நல்லதுங்க என்று அக்கா சொன்னார். இனி தோப்புக்கு வருவதற்கு என்னங்க என்று அவர் கேட்டார். கேட்டுக்கொண்டே அவர் பார்வை அக்காவைத் தாண்டிப் பால்கனிக்குப் போனது. பாட்டில் வெயிலில் பளபளவென்று நின்றிருந்தது. பாட்டில் தெரியாத மனிதரா அவர்.

என்னுடையதுங்க என்று சொல்ல நான் வாயைத் திறந்தேன். அக்கா முந்திக்கொண்டார். "என்னுதுதானுங்க."

அவருக்குக் கோபம் வரவில்லை. கோபம் வந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும். அவர் குழம்பிப்போனார். நான் குடிக்கிறேன் என்றுதானே விட்டுவிட்டு வந்தீர்கள், ஊரில் எல்லோரும் அதைத்தானே சொன்னார்கள், நீங்களும் மறுத்துச் சொல்லவில்லையே என்று தடுமாறித் தடுமாறிக் கேட்டார். ஒரு வருஷம் தோப்பில் தனியாக உட்கார்ந்து, கை நடுங்க, தூக்கமில்லாமல், எதை விட்டால் இவர் வருவார் என்று நினைத்தாரோ அதை விட்டிருக்கிறார்.

அக்கா சேலைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டார். அவர் குரல் உயரவில்லை.

"நீங்க குடிச்சதுக்கு நான் வரலீங்க. நெதமும் பொழுதெறங்குனா மோட்டார் ரூம் திட்டுல போயி உக்காந்துக்குவீங்க. கடல வறுத்துக் கொண்டாந்து வெச்சுப்போட்டு நான் பக்கத்துல நிப்பேன். ஒரு நாளைக்காச்சும் உக்காரு புள்ளன்னு சொல்லுவீங்கன்னு நிப்பேன். நாய் கூட வந்து உங்க காலுகிட்டப் படுத்துக்கும். நான் நின்னுபோட்டு ஊட்டுக்குள்ள போயிருவேன். அங்க மக ஊட்டுப் பக்கத்துல ஊருபேரு தெரியாத ஒரு அம்மா என்னயக் கூப்புட்டு உக்கார வெச்சாளுங்க. திரும்பி வந்து மறுபடியும் நிக்க முடியலீங்க."

அவர் ரொம்ப நியாயமான ஒன்றைக் கண்டுபிடித்தவர்போல நிமிர்ந்தார். "நீங்க குடிப்பீங்கன்னு எனக்குத் தெரியாதுங்களே."

"குடிக்கறதச் சொல்லலீங்க" என்றார் அக்கா. "உக்கார்றதச் சொல்றேன்."

அதற்குமேல் அக்காவால் முடியவில்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டார். நான் நடுவில் மாட்டிக்கொண்டு, எந்தப் பக்கம் போவதென்று தெரியாமல் நின்றேன். படியில் யாரோ ஏறி மேல்மாடிக்குப் போனார்கள். அவர் வாசற்படியைப் பார்த்தார், உள்ளே பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு மெதுவாகக் கேட்டார்.

"ஏம்புள்ள, இப்ப உக்காரலாமா?"

பால்கனியிலிருந்து என் டம்ளரை எடுத்து உள்ளே சமையல் மேடையில் வைத்தேன். என் நாற்காலியின் மெத்தையைத் தட்டிப் போட்டேன். கம்பெனி வேலை கொஞ்சம் இருக்கிறது அக்கா என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். வரும்போது திரும்பிப் பார்த்தேன். நாற்காலியின் நுனியில், பஸ்ஸுக்குக் காத்திருப்பவர்போல, கையை முழங்கால்மேல் வைத்து உட்கார்ந்திருந்தார். அக்கா அவருக்கு எலுமிச்சை பிழிந்துகொண்டிருந்தார். தனக்கு ஊற்றிய ஜின்னை அன்று கொட்டிவிட்டதாகப் பிறகு சொன்னார்.

அவர் ஞாயிற்றுக்கிழமைகளில் வர ஆரம்பித்தார். பத்தரை மணி பஸ்ஸில் வந்து, மதியம் சாப்பிட்டு, மாலை பால்கனியில் உட்கார்ந்துவிட்டு, கடைசி வெளிச்சத்தில் கிளம்புவார். தோப்புக்கு அக்கா திரும்பிப் போகவில்லை, அவரும் வற்புறுத்தவில்லை. என் சமையலறை ஜன்னலில் நின்றால் அவர்கள் குரல் கேட்கும். பெரும்பாலும் அவர் குரல்தான். அவ்வளவு பேசக்கூடிய மனிதர் என்று யாருக்கும் தெரிந்திருக்காது. யானை வந்து வாழையை மிதித்துப்போட்டது, சோலார் வேலிக்கு மானியம் கேட்டது, பாக்கு விலை படுத்துக்கொண்டது என்று வாய் ஓயாமல் சொல்லிக்கொண்டே இருப்பார். அக்கா ம் போடுவது கேட்கும். சில நேரம் சிரிப்பும் கேட்கும். என்னோடு இருந்தபோது அவர் சிரித்ததைவிட அது நீளமான சிரிப்பு.

எனக்கு வாட்ஸ்அப்பில் படம் வருவது நின்றுவிட்டது. சந்தோஷப்பட வேண்டிய விஷயம். நானும் சந்தோஷப்பட்டேன், பொய் சொல்லவில்லை. ஆனாலும் ஞாயிறு நாலு மணியானால் கை தானாகப் போனை எடுக்கும். முகம் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்திருப்பேன். எங்கேயும் போவதற்கில்லை என்று அப்புறம்தான் உறைக்கும். அக்கா என்னை மறந்துவிட்டார் என்று சொன்னால் அது அபாண்டம். வாரநாளில் குழம்பு கொடுத்தனுப்புவார், காய்ச்சல் வந்தால் நெற்றியைத் தொட்டுப் பார்ப்பார். ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் எனக்கு இல்லாமல் போனது. எனக்கு இருந்ததே அந்த ஒரு கிழமைதான்.

ஆடி மாதம் முடிகிற சமயத்தில் ஒரு ஞாயிறு, கீழே லிஃப்டில் இருவரையும் சந்தித்தேன். காய்கறி வாங்கிக்கொண்டு வந்தார்கள். பையை அவர் வைத்திருந்தார். அக்கா தலையில் மல்லிகை வைத்திருந்தார். அதற்கு முன் அவர் பூ வைத்து நான் பார்த்ததில்லை. மூன்றாவது மாடி வந்து வெளியே இறங்கினோம். அக்கா சாவியைத் துழாவிக்கொண்டே, சாயங்காலம் வாயேன் அம்மணி என்றார்.

எங்கள் பக்கத்தில் யாரும் முதல் அழைப்புக்கு வருகிறேன் என்று சொல்ல மாட்டோம். இருக்கட்டுங்க என்றுதான் சொல்ல வேண்டும். கூப்பிடுகிறவர் அதெல்லாம் முடியாது என்று மறுபடி கூப்பிட வேண்டும், கையைப் பிடித்து இழுக்க வேண்டும், அப்புறம்தான் போவோம். பிறந்ததிலிருந்து இது எனக்கும் தெரியும், அக்காவுக்கும் தெரியும்.

"இருக்கட்டுங்க அக்கா" என்றேன்.

"சரி கண்ணு" என்று சொல்லிவிட்டு அக்கா கதவைத் திறந்து உள்ளே போனார்.